புள்ளி விழாத பலகை

பெயர்ப்பலகையில் 'இல்லம்' என்று செதுக்கியிருக்கிறது. லகரத்தின் மேல் புள்ளி கொழுத்து உட்கார்ந்திருக்கிறது. கடைசி மகரத்தின் புள்ளியைக் காணோம். கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால் ஊசி குத்திய தடம் ஒன்று தெரிகிறது. எழுத்துருவில் பிழை இல்லை, கணினி அனுப்பிய கட்டளையிலும் பிழை இல்லை. இரண்டு புள்ளிக்கும் இயந்திரம் ஒரே ஆழத்துக்குத்தான் இறங்கியது. இறங்கிய இடங்களில் பலகை ஒரே உயரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கிள்ளானில் வரிசை வீடொன்றின் கார் போர்ச்சில் கணினிக் கட்டளைப்படி செதுக்கும் சிறிய சி.என்.சி. ரௌட்டர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் ஒருவரிடம், இப்படிப்பட்ட பலகையை யாராவது கொண்டுவந்து காட்டினால், அவர் பெயர்ப்பலகையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அடிப்பலகைய எப்போ மட்டம் எடுத்தீங்க?" என்பார். அதற்கு மேல் பேச்சு அடிப்பலகையைப் பற்றித்தான் போகும்.

கணக்கு எளிது. 60 டிகிரி வி-பிட், அதாவது கூம்பாகக் கூரான செதுக்கு முனை, ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் பலகையின் மேல்பரப்பில் 1.15 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழி விழும். அந்த இடத்தில் பலகை 0.8 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் பிட்டின் முனை 0.2 மில்லிமீட்டர்தான் மரத்துக்குள் போகும். குழியின் அகலம் கால் மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரும் பெயருக்கு இதனால் ஒரு கோடு மெலியும், பார்ப்பவர் கவனிக்காமலும் போகலாம். தமிழில் புள்ளி போனால் சொல்லே கெட்டுவிடும். ணகரத்தின் சுழியும் ழகரத்தின் வாலும் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தால் கண்ணில் உறுத்தும். புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாகக் கொடுக்கப் பெயர்ப்பலகை கேட்டு வருகிறவர்கள் சுழியைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

கிள்ளான்காரர் வீட்டுக்கு முதல் இயந்திரம் வந்தது 2020இல். பெருந்தொற்றால் அவ்வாண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. நாடே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில், ரொட்டி சுடக் கற்றுக்கொண்டவர்களும் மீன் தொட்டி வைத்தவர்களும் போக, இணையத்தில் இயந்திரம் வாங்கியவர்களும் இருந்தார்கள். '3018' என்று விற்கும் குட்டி சி.என்.சி.க்குச் சில நூறு வெள்ளிதான். 300க்கு 180 மில்லிமீட்டர் பரப்பில் வேலை செய்யும் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. அவர் தொடங்கியது அதில்தான். பிறகு அதை விற்றுவிட்டு 600 மில்லிமீட்டர் சதுரத்துக்கு வேலை செய்யும் ஒன்றுக்கு மாறினார். ஒயர், சுவிட்ச், மின்விசிறி என்று உதிரிகள் எல்லாம் ஜாலான் பாசாரில் வாங்கியவை. கோலாலம்பூரில் மின்னணுச் சாமான் தேடுகிறவர் யாரும் அந்தத் தெருவுக்குப் போகாமல் தப்ப முடியாது.

1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைப் பலர் அறியக் காட்டியபோது, அதன் கட்டுப்பாட்டுப் பகுதி வெற்றிடக் குழாய்கள் அடுக்கிய பெரிய அலமாரிகளாக நின்றது. கட்டளைகளைத் துளையிட்ட நாடாவில் கொடுத்தார்கள். 2009இல் நோர்வேக்காரரான சீமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் அதே வேலையை ஓர் ஆர்டுயினோ சில்லுக்குள் அடக்கி, 'ஜி.ஆர்.பி.எல்.' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். 2011இல் எட்வர்ட் ஃபோர்டு 'ஷேப்போகோ' என்ற மலிவு இயந்திரத்தைக் கிக்ஸ்டார்ட்டரில் கொண்டுவந்தார். கிள்ளான் போர்ச்சில் ஓடும் பெட்டி இவர்களின் வழியில் வந்தது. மூளை மலிந்துவிட்டது. எலும்பு மட்டும் மலிவுக்குத் தக்கபடிதான் இருக்கிறது. அலுமினியச் சட்டங்கள், நெகிழி உருளைகள், கையால் முறுக்கிய திருகுகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வளையும், கொஞ்சம் கொஞ்சம் சாயும். அந்தக் கொஞ்சத்தையெல்லாம் தாங்கிக்கொள்ளத்தான் அடிப்பலகை இருக்கிறது.

வேஸ்ட்போர்டு என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்த அடிப்பலகை, இயந்திரத்தின் அலுமினிய மேசைமேல் திருகி வைத்த, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைதான். வேலைப் பலகையை முழுக்க ஊடுருவி வெட்டும்போது பிட் கீழே கொஞ்சம் இறங்கியாக வேண்டும். அப்போது அலுமினியத்தில் இடிக்காமல் எம்.டி.எஃப்.பில் கீறிவிட்டுப் போகட்டும் என்பது முதல் நோக்கம். கிளாம்ப் மாட்டத் துளை போட்டுக்கொள்ளலாம், கீறலாம், ஒட்டலாம், கெட்டால் கழற்றி எறியலாம். இரண்டாவது நோக்கம்தான் பெரியது. மேசை கோணலாக இருந்தாலும் அதன்மேல் இருக்கும் பலகையை அந்த இயந்திரமே சீவித் தனக்கு வேண்டிய மட்டத்துக்குக் கொண்டுவரலாம். அலுமினியத்தைச் சீவ இந்தச் சின்ன இயந்திரத்துக்குத் தெம்பில்லை.

புதிதாக வாங்கியவர்கள் முதலில் தேடுவது ரசமட்டத்தை. பிரிக்பீல்ட்ஸில் கொண்டோ ஒன்றில் குடியிருக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் தன் இயந்திரத்தைக் கார் பூட்டில் போட்டுக் கிள்ளானுக்கே கொண்டுவந்துவிட்டான். வீட்டுப் பின்கட்டு பால்கனியில் வைத்து ஓட்டிய இயந்திரம். பக்கத்து வீட்டார் சத்தம் தாங்காமல் நிர்வாகத்தில் புகார் கொடுத்ததால், பகலில் அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாத நிலை.

"அங்கிள், நாலு மூலையும் ரசமட்டத்துல சரியா இருக்கு. எழுத்து மட்டும் ஒரு பக்கமா மெலியுது. மோட்டார் வீக்கா இருக்குமோ?"

"ரசமட்டத்த உள்ள வை தம்பி. வீடே சாஞ்சிருந்தாலும் பரவால்ல. பிட்டு போற பாதையும் பலகையும் ஒண்ணா சாஞ்சா போதும்."

பையன் நம்பவில்லை. கப்பலில் கடைசல் பட்டறை இருப்பதை அவர் சொன்னார். அலையில் கப்பல் ஆடும்போது அங்கே ரசமட்டத்தின் குமிழ் ஓரிடத்தில் நிற்காது. ஆனாலும் அந்த லேத்தில் கடைந்த தண்டு நேராகவே வரும். வெட்டும் கருவிக்கும் வெட்டப்படும் பொருளுக்கும் இடையே இருக்கும் உறவுதான் கணக்கு. பூமியைக் கேட்க வேண்டியதில்லை.

தட்டைத்தன்மை பற்றி அவருக்கு முதலில் சொன்னது அவருடைய அப்பா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடும்பம் இருந்த காலம் அது. அப்பாவுக்குச் செந்தூல் பட்டறையில் ஃபிட்டர் வேலை. கூட்டு மலாய் மாநில ரயில்வே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மத்தியப் பட்டறை அது. என்ஜினும் பெட்டியும் அங்கேதான் பழுது பார்க்கப்பட்டன. யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் பட்டறையைச் சுற்றியே குடியேறி ஊராக்கினார்கள். ஜப்பானியர் கையில் அது இருந்தபோது, 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்கப் பி-29 விமானங்கள் வந்து குண்டு போட்டன. ரயில் நகர வேண்டுமானால் அந்தப் பட்டறை வேண்டும் என்பது எதிரிக்கும் தெரிந்திருந்தது. போருக்குப் பிறகு எழுப்பிய கொட்டகைகளில்தான் அப்பா வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே வார்ப்பிரும்பில் ஒரு சமதளத் தட்டு உண்டு. அதன்மேல் நீலச் சாயத்தை மெலிதாகத் தடவி, சரிபார்க்க வேண்டிய பாகத்தைக் கவிழ்த்துத் தேய்ப்பார்கள். மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை ஸ்கிரேப்பரால் சுரண்டுவார்கள். மறுபடி தேய்ப்பு, மறுபடி சுரண்டல். நீலம் எங்கும் பரவலாக ஒட்டும்வரை இது நடக்கும். அப்பாவின் வலது தோளில் அந்தச் சுரண்டல் வலியாகத் தங்கியிருந்தது.

பிள்ளை கேட்ட கேள்வி, அந்தத் தட்டே தட்டையாக இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்பது. அப்பா அதற்குச் சொன்ன பதில் மூன்று தட்டுக் கதை. இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது குமிழ்ந்தும் இருந்தாலும் பொருந்தத்தான் செய்யும். மூன்றாவது தட்டைக் கொண்டுவந்து, மாற்றி மாற்றி ஒவ்வொரு ஜோடியையும் ஒத்துப் பார்த்தால் குழிக்கும் குமிழுக்கும் ஒளிய இடமில்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றும் தட்டையாகத்தான் இருந்தாக வேண்டும். இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் இந்த முறையைப் பற்றி 1840இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். திருகு மரைக்கு அவர் பெயரில் ஓர் அளவே இருக்கிறது. ஆனால் உலகத்துப் பட்டறைகளுக்கு அவர் கொடுத்ததில் பெரியது தட்டைதான்.

வீட்டு ரௌட்டர் தன் அடிப்பலகையைச் சீவும்போது மூன்றாவது தட்டு கிடையாது. இயந்திரமே அளவுகோல், இயந்திரமே உளி. குறுக்குச் சட்டம் நடுவில் 0.2 மில்லிமீட்டர் தொங்கினால் அந்தத் தொங்கல் அப்படியே பலகையில் பதியும். அந்தப் பலகையைச் செந்தூல் தட்டின்மேல் கவிழ்த்தால் நீலம் ஓரங்களில் மட்டும்தான் ஒட்டும். ஆனாலும் அதன்மேல் ஒரு மெல்லிய பலகையை நன்றாக அமுக்கிக் கட்டிச் செதுக்கினால் எழுத்து ஒரே அகலத்தில் வரும். பிட்டும் அதே தொங்கலோடுதானே போகிறது! அப்பா இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். கெட்டியான, வளையாத பொருளை வைக்கும்போது அவர் சொல்வதுதான் சரி என்பதும் தெரியும். பளிங்குத் துண்டோ தடித்த மெராந்தி மரமோ பலகையின் வளைவுக்கு இசைந்து கொடுக்காது. அதற்குச் சட்டத்தையே சரிசெய்ய வேண்டும். பெயர்ப்பலகைக்காரருக்கு அவ்வளவு தேவையில்லை.

சீவுவதற்குமுன், பிட்டைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே, 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள சீவும் பிட்டின் ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட 0.04 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். கையால் தடவினால் ஒவ்வொரு வரியும் படிபோல் தெரிவது இதனால்தான். அளக்கும் முறை பழையது. ஸ்பிண்டிலில் குறுக்கே ஒரு கம்பியை மாட்டி, நுனியில் டயல் இண்டிகேட்டரைக் கட்டி, கையால் சுற்றி நான்கு திசையிலும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வது.

இங்கே ஒரு சிக்கல் வரும். முள் அளப்பது பலகையிலிருந்து. அந்தப் பலகையோ இன்னும் மட்டமாகவில்லை. மட்டமாக்க ஸ்பிண்டில் நேராக வேண்டும், ஸ்பிண்டிலை நேராக்கப் பலகை மட்டமாக வேண்டும். சிலர் கண்ணாடித் துண்டை வைத்து அளக்கிறார்கள். கண்ணாடி தட்டைதான், ஆனால் அது உட்கார்ந்திருப்பது கோணல் பலகையின்மேல் என்றால் கண்ணாடியும் கோணல்தான். கிள்ளான்காரர் செய்வது வேறு. சாய்ந்த ஸ்பிண்டிலோடேயே முதலில் மெலிதாக ஒரு சீவல். படிபடியாக வரும், வரட்டும். அந்தப் படிகள் நுண்ணியவை. மொத்தப் பரப்பு இப்போது இயந்திரத்தின் ஓட்டத்துக்கு இணையாகிவிட்டது. அதன்மேல் டயலைச் சுற்றி ஸ்பிண்டிலை நேராக்குவார். சாய்ந்த பக்கத்தில் தாங்கியின் பின்னால் 100 பிளஸ் டின்னில் வெட்டிய தகட்டுத் துண்டு ஒன்றைச் செருகினால் போதும். டின் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிப்பு. பிறகு இரண்டாவது சீவல். அதில் படி இருக்காது.

சீவுமுன் பலகை முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவார். கோடு அழிந்த இடம் சீவப்பட்ட இடம், கோடு மிஞ்சிய இடம் பள்ளம். முதல் ஓட்டத்திலேயே கோடு எல்லாம் போய்விட்டால் பலகை நல்ல பலகை. அவருடைய முதல் பெரிய பலகையில் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கோடு மிஞ்சி நின்றது. இன்னும் அரை மில்லிமீட்டர் இறக்கி ஓட்டினால் சரி.

அளவு கேட்பவர்களுக்கு அவர் சொல்வது இது. 25 மில்லிமீட்டர் பிட், அரை மில்லிமீட்டர் ஆழம், வரிக்கு வரி 10 மில்லிமீட்டர் நகர்வு, நிமிடத்துக்கு 2,000 மில்லிமீட்டர் வேகம். 600 மில்லிமீட்டர் சதுரத்துக்கு அறுபது வரி வரும், மொத்தம் 36 மீட்டர். பதினெட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பலகையை ஓட்டத்தின் எல்லையைவிடப் பெரிதாக வெட்டக்கூடாது. பிட் எட்டாத ஓரம் மேடாக நின்றுவிடும். நீளமான வேலைப் பலகையை வைக்கும்போது அந்த மேட்டில் ஏறி அது தூக்கிக்கொள்ளும். அடிப்பலகையைப் பிடிக்கும் திருகுகள் ஆழமாகப் புதைந்திருக்க வேண்டும். நைலான் திருகு என்றால் இன்னும் நல்லது, என்றைக்காவது பிட் அதைத் தொட்டாலும் பிட் பிழைக்கும்.

அரை மில்லிமீட்டர் என்பது சின்ன அளவாகத் தோன்றும். 600 மில்லிமீட்டர் சதுரத்தில் அது 180 கன சென்டிமீட்டர். எம்.டி.எஃப்.பின் அடர்த்திக்கு 135 கிராம் எடை வரும். அத்தனையும் மாவாகப் பறக்கிற தூள். வாக்குவம் இல்லாமல் ஒருமுறை ஓட்டினால் கார், செருப்பு அலமாரி, துளசி மாடம், பக்கத்து வீட்டு மக்சிக்கின் துணிக்கொடி எல்லாவற்றிலும் இறங்கும். மக்சிக் ஒன்றும் சொல்ல மாட்டார், துணியை எடுத்து உதறும் ஓசையிலேயே புரிந்துவிடும். மரத்தூளை 1995இலும் ஃபார்மால்டிஹைடை 2004இலும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் பிரிவில் வைத்தது. எம்.டி.எஃப். தூளில் இரண்டும் உண்டு. பெருந்தொற்றுக்காக வாங்கி மிஞ்சிய என்95 முகக்கவசங்கள் அவர் வீட்டில் இப்படித்தான் தீர்ந்தன.

அந்தப் பலகை எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி.

மலேசியாவின் எம்.டி.எஃப். ஆலைகள் எழுந்ததே ரப்பர் மரத்தை நம்பி. தோட்டத்தில் அது பால் மரம். நட்டு இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகுதான். ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கொட்டகைக்கு எரிந்தது. 1960களில் பிறையில் எழுந்த மலாயாவாத்தா இரும்பாலையின் உலைக்குக் கரியாகவும் போனது. மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால், வெட்டிப் போட்டவுடன் பூசணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். போரான் உப்பில் ஊறவைத்தும் உலர்த்தியும் அதைக் காப்பாற்றும் முறைகள் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் தேறிய பிறகுதான் 1980களில் ரப்பர் மர நாற்காலியும் மேசையும் கப்பலேறத் தொடங்கின. மேசைக்கு ஆகாத கிளையும் கழிவும் எம்.டி.எஃப். ஆலைக்குப் போயின. சில்லுகளாக வெட்டி, நீராவியில் வேகவைத்து, நாராக அரைத்து, யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையோடு கலந்து, சூடான அழுத்தியில் வைத்து நசுக்கினால் பலகை. 1980களில் நாட்டில் 20 லட்சம் ஹெக்டேரை ஒட்டியிருந்த ரப்பர், இன்று ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. செம்பனையும் தாமான்களும் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. மரம் அருகியதால் ரப்பர் மரப் பலகை ஏற்றுமதியை 2017இல் அரசு தடை செய்தது.

அவருடைய அம்மா கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்தவர். கல்யாணமாகிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வரும்வரை பால் வெட்டியவர். விடியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குப் போய், சாய்வாகப் பட்டையைச் சீவி, மங்கில் பால் இறங்கவிட்டு, வெயில் ஏறுமுன் சேகரிக்க வேண்டும். பால் இருப்பது பட்டையில். அதற்குள்ளே மரம் வளரும் மெல்லிய படலம். கத்தி ஆழம் போதாவிட்டால் பால் குறையும், படலத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம். தேர்ந்த கை, படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி வகுத்த முறை அது. மலாயாத் தோட்டங்களில் அதைக் கையால் செய்து காட்டியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள், அவர்களில் பெண்களும் நிறைய. டயல் இண்டிகேட்டர் இல்லை, பகல் வெளிச்சம்கூட இல்லை. ஒரு மில்லிமீட்டர். காயம் விழுந்தால் கங்காணியிடம் ஏச்சு.

போர்ச்சில் இயந்திரம் ஓடுவதை அம்மா ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். எந்த மரம் என்று கேட்டார். பால் மரம்தான், நாராக்கிச் செய்தது என்று மகன் சொன்னார். கையில் கொஞ்சம் தூளை எடுத்து முகர்ந்துவிட்டு, "நாங்க வெட்டினா பால் வந்துச்சு. நீ வெட்டினா தூசிதான் வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கணக்குப் பார்த்தால் அம்மா சொன்னது சரிதான். அந்த இயந்திரம் அதுவரை ஒரு வெள்ளி லாபம் காட்டியிருக்கவில்லை.

எம்.டி.எஃப்.பின் நடத்தை கிள்ளான் காற்றில் வேறு மாதிரி. குளிரூட்டிய பட்டறையில் மட்டம் எடுத்தவர்கள் சொல்லும் யோசனைகள் இங்கே பாதிதான் பலிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது, விடிகாலையில் இன்னும் மேலே போகும். போர்ச்சுக்குச் சுவர் இல்லை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை தவறாமல் மழை. எம்.டி.எஃப். நீள அகலத்தில் அதிகம் மாறாது, தடிப்பில்தான் ஊதும். எல்லா இடமும் ஒரே அளவுக்கு ஊதினால் கவலையில்லை. ஓரங்கள் முதலில் ஊதும், துளை போட்ட இடங்கள் அடுத்து ஊதும், நடுப்பகுதி கடைசியில்.

இன்னொன்று பலகையின் தோல். அழுத்தியின் சூடு முதலில் படும் மேலும் கீழும் எம்.டி.எஃப். இறுகியிருக்கும், உள்ளே கொஞ்சம் தளர்வு. மட்டம் எடுக்கும்போது மேல்தோலைச் சீவி எறிந்துவிடுகிறோம். கீழே தோல் இருக்கிறது, மேலே இல்லை. மேலே ஈரம் வேகமாக ஏறும், கீழே மெதுவாக. அடுத்த மழைக்காலத்தில் பலகை அப்பளம் போல ஒரு பக்கமாக வளையத் தொடங்கும். திருகு நெருக்கமாக இருந்தால் வளைவு அடங்கும், தூரமாக இருந்தால் திருகுகளுக்கு நடுவில் புடைக்கும். அதனால் அவர் புதுப் பலகையைப் போட்டால் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தை ஒருமுறை சீவிவிட்டு, ஓரம் முழுக்க ஷெல்லாக் பூசி, பிறகு திருப்பித் திருகுகிறார். மட்டம் எடுத்த மேல்பக்கத்துக்கும் மெலிதாக ஒரு பூச்சு உண்டு. ஈரத்தை இது தடுத்து நிறுத்தாது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறச் செய்யும்.

பலகை தண்ணீரை எவ்வளவு குடிக்கும் என்பதைக் கிள்ளான்காரர்கள் 2021 டிசம்பரில் நேரில் பார்த்தார்கள். 18ஆம் தேதி தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு தெருவெங்கும் அலமாரி, கட்டில், சமையலறைப் பெட்டி என்று குவியல் குவியலாக வெளியே கிடந்தது. மெராந்தி, தேக்கு என்று கெட்டி மரத்தில் செய்தவற்றைக் கழுவிக் காயவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. அழுத்திச் செய்த பலகைகள் ஊதி, பிளந்து, கையில் பிய்ந்து வந்தன. அங்கே உறவினர் வீட்டைக் கழுவப் போயிருந்த நம் தொழில்நுட்பர், ஊதின அலமாரிக் கதவொன்றின் ஓரத்தை வெர்னியரில் அளந்தார் என்று அவர் மனைவி இன்றுவரை கோபமாகச் சொல்வது உண்டு. "வீடு முங்கிக் கிடக்கு, இவருக்கு மில்லிமீட்டரு." அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஒருமுறை மட்டம் எடுத்தால் போதும், அது இயந்திரத்தைப் பூட்டுவதில் ஒரு கட்டம் என்ற எண்ணம் வறண்ட ஊர்க்காரர்களுடையது. இங்கே அது காருக்கு எண்ணெய் மாற்றுவதைப் போலப் பராமரிப்புக் கணக்கில் வரும். மழைக்காலம் முடிந்து ஒன்று, தீபாவளி வேலைக்குமுன் ஒன்று. தீபாவளி நெருங்கினால் கோல அச்சுத் தகடுகளுக்குக் கேள்வி வரும். மெல்லிய தகட்டில் கம்பிக் கோலம் வெட்டும்போது அடிப்பலகை ஓரிடத்தில் தாழ்ந்தால் வெட்டு முழுசாகப் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், கத்தியால் நோண்டிப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 0.3 மில்லிமீட்டர் எடுத்தாலும் 18 மில்லிமீட்டர் பலகை பல ஆண்டுகள் தாங்கும். 9 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது அவர் வழக்கம். அதற்குக் கீழே திருகின் தலை புதைய இடம் போதாது.

பிரிக்பீல்ட்ஸ் பையனின் இயந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. மோட்டாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பலகையில் பென்சில் கோடு போட்டு, இரண்டு சீவல் எடுத்து, நடுவில் ஸ்பிண்டிலின் பின்னால் ஒரு டின் தகடு வைத்ததில் அவன் பாட்டியின் பெயர் புள்ளி பிசகாமல் விழுந்தது. கொண்டோவில் சத்தம் போட முடியாத காரணத்தால், மட்டம் எடுக்கும் நாள்களில் இயந்திரத்தைக் கிள்ளானுக்குக் கொண்டுவருகிறான். பலகை ஈரக்காற்றுக்குப் பழக வேண்டும் என்பதால் இரண்டு நாள் அங்கேயே விட்டுவிட்டுப் போகும்படி அவனிடம் சொல்லியிருக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவின் ஈரமும் கிள்ளான் போர்ச்சின் ஈரமும் ஒன்றா என்று அவன் திருப்பிக் கேட்டது நல்ல கேள்வி. ஒன்றில்லை. ஓடும் இடத்திலேயே மட்டம் எடுப்பதுதான் முறை. சத்தத்துக்கு வழி கிடைக்கும்வரை இந்த ஏற்பாடு.

வீட்டில் இப்படி ஓர் இயந்திரம் வைத்திருக்கிறவர்கள் அடிப்பலகையைத் துண்டு துண்டாக வாங்க வேண்டாம். எட்டுக்கு நான்கு அடி முழுப் பலகை 2,440க்கு 1,220 மில்லிமீட்டர். 600 மில்லிமீட்டர் சதுரமாக அறுத்தால், ரம்பத் தடிப்பு போக எட்டு துண்டு கிடைக்கும். கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள். ஒன்றைப் போட்டுக்கொண்டு மீதி ஏழையும் தரையிலிருந்து கட்டை கொடுத்து உயர்த்தி, படுக்கவைத்து அடுக்குங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் அடுத்த மழைக்குள் வளைந்துவிடும்.